நடுக் கட்டம்

ரப்பர் தோட்டம் விற்கப்பட்டு, பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் ஈப்போவுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு ஒரு சீனர் கோப்பிக் கடையில் மங்கு, அதாவது கோப்பை தட்டு, கழுவும் வேலை கிடைத்தது. கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையை முதலாளி எங்களுக்கு விட்டார். லம்பங்கள் என்று நாங்கள் சொல்லும் ஈயச் சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கட்டிய மாடிக் கடைவீடுகள், இரண்டு தெரு. கீழே கடை, மேலே குடித்தனம், முன்னால் வெயிலும் மழையும் படாமல் நடக்க அஞ்சடி நடைபாதை. தெரு முழுக்கச் சீனர்கள்தான். தமிழர் என்றால் நாங்கள் ஐந்து பேர். ஒரு வருடத்தில் அவர்கள் பேசும் காண்டனீஸ் எனக்கு வந்துவிட்டது. கல்யாணமாகிப் போகும்வரை பதினோரு வருடம் அங்கே இருந்தேன். போன பிறகும் அந்த மொழி என்னை விடவில்லை. ஒரு சீன டாக்டரின் கிளினிக்கில் முன்மேசை வேலை கிடைத்ததே அதனால்தான்.

டாக்டர் வயதாகி கிளினிக்கை மூடியபோது எனக்கு ஐம்பத்து நாலு. எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். என் கணவர் நான் தினமும் இரண்டு தடவை வீடு கூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பழைய நர்ஸ் ஒருத்தி, காண்டனீஸ் பேசத் தெரிந்த பெண்களை ஒரு கம்பெனி தேடுகிறது, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை என்று சொன்னாள். போனேன்.

ஒரு ஹோட்டல் அறையில் பயிற்சி. திரையில் ஒரு படம் போட்டார்கள். இரண்டு கோபுரக் கட்டடங்கள். ஒன்று ஹோட்டல், மற்றொன்று அடுக்குமாடி வீடுகள். கீழே கடைகள், அதற்கும் கீழே கார் நிறுத்துமிடம். கோபுரங்களின் காலடியில் வரிசையாக மாடிக் கடைவீடுகளின் முகப்பு. அம்மா மங்கு கழுவிய கடையின் முகப்பை அதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம் ஆனது. முகப்பை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் இடிப்பதாகத் திட்டம். அதற்கு அனுமதி வாங்கும் முன் அங்கே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஓர் அறிக்கை கொடுக்க வேண்டுமாம். அந்த அறிக்கைக்காகத்தான் நாங்கள்.

எங்களுக்கு மேற்பார்வையாளர் கோலாலம்பூரிலிருந்து வந்த பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், சிலோன்காரக் குடும்பம். ஆங்கிலத்தில்தான் பேசுவாள், ஆனால் என்னை மட்டும் அக்கா என்பாள். அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: கேள்வியைப் படியுங்கள், பதிலைக் குறியுங்கள், நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். உங்கள் கருத்தைக் கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

அந்தத் தெருக்களை யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன். பெருமையாகத்தான் தூக்கினேன்.

படிவத்தில் கடைசிக் கேள்வி, திட்டத்தை ஏற்கிறீர்களா என்பது. மலாயில் மூன்று கட்டம். செத்துஜூ என்றால் சம்மதம். தீடாக் செத்துஜூ என்றால் சம்மதமில்லை. இரண்டுக்கும் நடுவில் தீடாக் பஸ்தி, உறுதியாகத் தெரியவில்லை.

முதல் நாள் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மங்கு கழுவுகிற அக்காவின் மகள்தானே என்றார். அவருக்கு இந்தத் திட்டம் வந்ததில் சந்தோஷம். கடை அவருடைய சொந்தம். முழங்கால் போய்விட்டது, மகள் சிங்கப்பூரில், எப்போது யார் வாங்குவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தவர். சம்மதம் என்ற கட்டத்தில் தாமே பேனாவை வாங்கிக் கோடு போட்டார். எதிர்வரிசையில் நூடல்ஸ் விற்பவர் என்னை உள்ளே விடவில்லை. வாசலில் நிற்க வைத்து, ஹோட்டல்காரர்கள் வந்து என் கடையில் சாப்பிடுவார்களா, இல்லை என்னைப் படம் பிடிப்பார்களா என்று கேட்டார். சம்மதமில்லை என்று குறித்துக்கொண்டு வந்தேன்.

இப்படித் தெளிவாகச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு இருந்தவர்கள். அந்த வீடுகள் ஒரு பழைய குடும்பத்தின் சொத்து. அண்ணன் தம்பிகள் பாதிப்பேர் ஆஸ்திரேலியாவில். விற்பது என்று அவர்கள் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள். வாடகைக்காரர்கள் வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்காரருக்குத் தெரிந்து அடுத்த மாதமே காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தார்கள். சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாம் நாள் ஆ சோ வீட்டுக்குப் போனேன். ஆ சோ என்றால் அண்ணி. அவள் புதுப்பெண்ணாக அந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவளுக்குப் பிறந்த ஒரே மகனை, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அஞ்சடி முழுக்க நடப்பேன். அவன் மூன்று வயது வரை பேசவில்லை. பிறகு பேசியதும் கொஞ்சம்தான். இப்போது அவனுக்கு நாற்பது ஆகிவிட்டது. அவள் கணவர் இறந்து பல வருடம்.

ஆ சோ வீட்டில் உட்கார்ந்து நூடல்ஸ் கடைகளுக்கு இறால் ஓடு உரித்துக் கொடுப்பாள். உரித்த இறாலை வாளியில் போட்டு ஐஸ் கொட்டி மூடிக் கொடுத்தால், மகன் தூக்கிக்கொண்டு கிளம்புவான். காலை ஏழு மணிக்குத் தெருக்கோடிக் கோப்பிக் கடையில் இருந்த நூடல்ஸ் கடை, திரும்பி வந்து இரண்டாவது வாளி, அது பக்கத்துத் தெருவுக்கு. சாலையைக் கடக்க வேண்டியதில்லை, அஞ்சடியிலேயே போய் அஞ்சடியிலேயே வந்துவிடலாம். வாளியை வைத்ததும் கடைக்காரர் அவனுக்கு ஒரு கோப்பி கொடுப்பார். அவன் எங்கே நிற்கிறான், எங்கே உட்கார்ந்துவிட்டான் என்று ஆ சோ தேட வேண்டியதே இல்லை, யாராவது மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். அந்தத் தெருவில் அவனுக்கு ஓர் உத்தியோகம் இருந்தது.

நான் போனபோது தரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். விரல்களெல்லாம் ஊறி வெளுத்திருந்தன. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். கடைசிக் கேள்வி வந்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து தாளைப் பார்த்தாள். மலாய் படிக்க அவளுக்குத் தெரியாது. மூன்று கட்டமும் என்ன என்று சொன்னேன்.

"நான் எதுல போடட்டும்?" என்றாள்.

சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். அதுதான் எனக்குக் கற்பித்தது. ஆனால் அவள் என்னைக் கேட்டாள், கேள்வித்தாள் கொண்டு வந்தவளைக் கேட்கவில்லை. வேண்டாம் என்று போட்டு வீட்டுக்காரர் காதுக்குப் போனால் இவள் இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவாள் என்று நினைத்தேன். சரி என்று போடச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

"நடுவுல போடுங்க ஆ சோ. அதுனால ஒண்ணும் வராது."

போட்டாள். அதற்குப் பிறகு தயங்கி நின்ற எல்லா வீட்டிலும் நான் அதையே சொன்னேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடமும் சொன்னேன், யாரையும் மாட்டிவிடாமல் வேலையை முடித்துவிட்டேன் என்று.

அதன் பிறகு சில மாதம் அந்தத் தெரு இரண்டாகிப்போயிருந்தது. சொந்தக் கடை வைத்திருந்தவர்கள் ஒரு பக்கம், வாடகைக்காரர்கள் ஒரு பக்கம். யாரோ சிவப்புத் துணியில் சீன எழுத்தில், நாங்கள் போகமாட்டோம் என்று எழுதி மாடி ஜன்னல்களுக்குக் குறுக்கே கட்டினார்கள். மறுநாள் அதைக் கழற்றியவர்கள் யார் என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். கோப்பிக் கடையில் முப்பது வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் மோட்டார் கடைக்காரர் வந்தால் எழுந்து போய்விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து குடிப்பாராம். இளம் வயதுக்காரர்கள் சிலர், பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்து பழைய வீட்டில் கேக் கடை போட்டவர்கள், பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். முகப்பு இருக்கும் என்று தெரிந்ததும் பாதிப்பேர் சமாதானமாகிவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்திலிருந்த சீனப் பள்ளிக்கூட மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். தண்ணீர் போத்தல்களை எடுத்துக் கொடுக்க எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஆ சோ மகனுடன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்குச் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டு அழைத்து வந்திருந்தாள்.

அறிக்கையின் சுருக்கத்தைத் திரையில் காட்டினார்கள். ஒரு பக்கம் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. வட்டமான படம், இரண்டே நிறம். பச்சை பெரிது, சிவப்பு சிறிது. இங்கே குடியிருப்பவர்களில் பெரும்பான்மையோருக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதியிருந்தது.

மூன்று கட்டம் எப்படி இரண்டு நிறமானது என்று எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. சம்மதமில்லை என்று போட்டவர்கள்தான் சிவப்பு. மீதி எல்லாம் பச்சை.

நூடல்ஸ்காரர் எழுந்து, யாரைக் கேட்டீர்கள், எங்களில் யார் ஆட்சேபம் இல்லை என்றது என்று கேட்டார். மேடையில் இருந்தவர், பயிற்சி பெற்றவர்கள் காண்டனீஸ் மொழியிலேயே வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள் என்று சொல்லி எங்கள் பக்கம் கையைக் காட்டினார். கூட்டம் திரும்பியது. நான் போத்தல் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை பேரிலும் தமிழச்சி நான் ஒருத்திதான், தேட வேண்டிய அவசியமே இல்லை.

கூட்டம் முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் ஆ சோ எனக்காகக் காத்திருந்தாள். மகன் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

"நீ சொன்ன கட்டத்துலதானே போட்டேன்?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அப்ப நான் என்ன சொன்னதா அதுல போட்டிருக்கு?"

உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று போட்டிருக்கிறது என்றேன். அவள் கோபப்படவில்லை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். அவன் மட்டும் திரும்பித் திரும்பி எனக்குக் கை காட்டிக்கொண்டு போனான்.

அன்று மதியம் கமுந்திங்கில் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். நடந்ததைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான்.

"அப்பாகிட்ட கிராணி வந்து சொன்னானே, ஞாபகம் இருக்கா? சும்மா ரேக வைய்யி, தாள் கெடச்சதுன்னு காட்டத்தான்னு. அதையேதான் நீ அங்க போய்ச் சொல்லியிருக்க லா."

எனக்கு ஞாபகம் இருந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து வாசலில் நின்றபடியே எல்லோரிடமும் கைநாட்டு வாங்கினார். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்குப் பழைய பத்திரிகைகளும் பென்சிலும் கொடுப்பவர். ஒன்றும் வராது, வைத்துவிடுங்கள் என்றுதான் சொன்னார். அந்தத் தாள், நாங்களாகவே காலி செய்யச் சம்மதிக்கிறோம் என்ற தாள். அப்பா சாகும்வரை அந்தக் கிராணியைத் திட்டினார். நான் என் தட்டைக் கழுவப் போட்டுவிட்டுப் பின்கட்டில் போய் நின்றேன்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். நான் மக்களுக்கு நடுக் கட்டத்தைக் காட்டியதைச் சொன்னேன். அதை ஆட்சேபம் இல்லை என்று எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்றும் கேட்டேன். அவள் முதல்முறையாக என்னிடம் தமிழில் பேசினாள்.

"நாங்கள் ஒண்டும் மாத்தேல்லை அக்கா. ஆட்சேபம் எண்டு போட்டாத்தான் ஆட்சேபம். நீங்கள் அப்பிடிச் சொல்லிக் குடுத்தது பிழை. அதை வேற ஆரிட்டயும் சொல்லாதேங்கோ, உங்களுக்குத்தான் பிரச்சினை."

அவள் மிரட்டவில்லை, என் நன்மைக்குத்தான் சொன்னாள் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் நான் உட்கார்ந்து மலாயில் இரண்டு பக்கம் எழுதினேன். எந்த எந்தத் தெருவில், என்ன சொல்லி, எந்தக் கட்டத்தில் போட வைத்தேன் என்று. அதைக் கொண்டுபோய், திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தின் முகப்பில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டேன். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அக்கறைக்கு நன்றி, கருத்துச் சொல்லும் காலம் முடிந்துவிட்டது, கடிதம் கோப்பில் வைக்கப்பட்டுள்ளது. அந்தக் கம்பெனி என்னை மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை.

அதற்குள் நூடல்ஸ்காரர் ஒரு மனு தயாரித்திருந்தார். திட்டத்தை நிறுத்த முடியாது என்று அவருக்கே தெரிந்துபோயிருந்தது. வாடகைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே வேறு வீடு வேண்டும் என்பதுதான் மனு. என்னைப் பார்க்கவே பிடிக்காதவர்தான். ஆனால் என் மலாய் அவருக்குத் தேவைப்பட்டது. நான் எழுதிக் கொடுத்தேன். அவரும் நானும் வீடு வீடாகப் போனோம். அதே வீடுகள். சிலர் கதவைத் திறக்கவில்லை. பலர் அவர் முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆ சோ தாளைக் கையில் வாங்கவில்லை. இறாலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"இனிமே எந்தத் தாள்லயும் நான் கை வைக்கமாட்டேன்."

நூடல்ஸ்காரர் விளக்கினார். நான் விளக்க வாயெடுத்ததும் அவள் எழுந்து பின்பக்கம் போய் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழும் சத்தத்தில் நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினோம். அவளுக்குப் பதிலாக நானே கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று படிக்கட்டில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மனுவுக்குப் பலன் கிடைத்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த அரசாங்க அடுக்குமாடியில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு வீடு ஒதுக்கச் செய்தார்கள். பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும். நான் மூன்று தடவை போய் ஆ சோ பெயரைச் சேர்க்கச் சொன்னேன். அங்கிருந்த பையனுக்கு என் மேல் இரக்கம்தான், ஆனால் வீடுகள் முடிந்துவிட்டன. நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையைத் தாண்டி, எட்டாவது மாடியில் ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்தது.

அவள் குடிபோன பிறகு ஒரு நாள் பார்க்கப் போனேன். கதவைத் திறந்து உட்கார வைத்தாள், தேநீர் கொடுத்தாள். இறால் வேலை இல்லை, அங்கே அதைக் கொடுக்கவும் வாங்கவும் ஆள் இல்லை. மகன் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வெற்று வாளி ஒன்று மடியில் இருந்தது. அதை வாங்கி வைத்தால் சத்தம் போடுகிறான், அதனால் விட்டுவிட்டேன் என்றாள். மின்தூக்கி பாதி நாள் ஓடுவதில்லை என்றும் சொன்னாள்.

முதல் தடவை அவன் வாளியோடு கிளம்பிப் போனபோது இரண்டு மணி நேரம் நடந்து பழைய தெருவுக்கு வந்திருக்கிறான். லாரி ஓடும் சாலை அது. தெருவைச் சுற்றித் தகரத் தடுப்பு போட்டுவிட்டார்கள். அவன் தடுப்பின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். மோட்டார் கடைக்காரர், மகளோடு போகும் முன் கடைச்சாமான்களை ஏற்ற வந்தவர், பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

இரண்டாவது தடவை தடுப்பில் ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டான். காலை ஏழு மணி இருக்கும். கோப்பிக் கடை இருந்த இடத்தில் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். காவலாளி கூப்பிட்டிருக்கிறார், இவன் நிற்கவில்லை. வாளியைப் பிடுங்கியிருக்கிறார், இவன் தள்ளிவிட்டிருக்கிறான். பிறகு கட்டையால் அடித்திருக்கிறார்.

அவன் சட்டைப்பையில் என் நம்பர் எழுதிய அட்டை இருந்தது. முதல் தடவைக்குப் பிறகு நான் வைத்தது. நான் போனபோது அவனை ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார வைத்திருந்தார்கள். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வழிந்த ரத்தம் காய்ந்துபோயிருந்தது. அழவில்லை. கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். காவலாளி தமிழர், என் தம்பி வயது. கட்டையை இன்னும் கையில் வைத்திருந்தார், வைத்திருப்பது அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

"கம்பி திருட வந்தவன்னு நெனச்சிட்டேன்கா. போன வாரம் திருடு போச்சு, என் சம்பளத்துல புடிச்சாங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அடிச்சிருப்பேனா?"

அவனுக்குப் பேச்சு சரியாக வராது என்று மட்டும் சொன்னேன். அவர் கட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னோடு சேர்ந்து அவனைத் தூக்கிக் காரில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் ஆ சோ வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். எழுதுவதா என்று கேட்டாள்.

கை கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. எட்டாவது மாடிக் கதவுக்கு வெளியே அவள் பூட்டுப் போட ஆரம்பித்தாள். அவன் உள்ளேயிருந்து கதவை அடிப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். அவளுக்கும் அறுபத்தேழு வயதாகிவிட்டது, அவனைப் பிடித்து நிறுத்தும் பலம் இல்லை. சமூகநல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து பார்த்துவிட்டு, காம்பாரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் இருப்பதாகச் சொன்னாள். அவனைச் சேர்க்க ஆ சோ கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அங்கே நான் இருந்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் என்னை வாய்விட்டுப் படித்துச் சொல்லச் சொன்னாள். நான் ஒரு சொல்லும் விடாமல் படித்தேன், எந்த இடத்திலும் என் வார்த்தை சேர்க்கவில்லை. படித்து முடிந்ததும் போட்டாள்.

காரில் திரும்பும்போது நான் சொன்னேன், அன்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது ஆ சோ என்று. சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருடமாக வைத்திருந்த வார்த்தை. அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்க எனக்கு வேற யாரும் இல்ல. அதான் கேட்டேன்," என்றாள். அவ்வளவுதான். மன்னித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அது அவள் நினைப்பிலேயே இல்லாத விஷயமோ என்றும் சில சமயம் தோன்றும்.

கட்டடம் இப்போது பதினான்கு மாடி எழும்பிவிட்டது. பழைய முகப்புகளை இரும்புச் சட்டங்களால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஜன்னல்களுக்குப் பின்னால் வானம் தெரிகிறது. அந்தப் பக்கமாகப் போக வேண்டியிருந்தால் நான் சுற்றிக்கொண்டு போகிறேன். நூடல்ஸ்காரர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டி போட்டிருக்கிறார், வியாபாரம் சுமார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை ஆ சோவைக் காம்பாருக்குக் கூட்டிப்போகிறேன். அவள் கூப்பிடுவதில்லை, நான் போய்க் கீழே நிற்பேன், அவள் இறங்கி வருவாள். போன தடவை போனபோது அவன் நாங்கள் வந்ததைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. புது மாத்திரை கொடுக்கிறோம், இப்போது ரொம்ப அமைதி, தொந்தரவே இல்லை என்றாள் பணிப்பெண். ஆ சோ பையிலிருந்து நகவெட்டியை எடுத்து அவன் கை நகங்களை வெட்டினாள். கோணலான கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக வெட்டினாள். வெட்டிய நகங்களை ஒன்று விடாமல் தாளில் பொறுக்கி மடித்துக் குப்பையில் போட்டாள். நாலு மணிக்குப் பார்வை நேரம் முடிந்து மணி அடித்தார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. காரை எடுக்க முடியாமல் இருவரும் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். வைப்பரைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.